சாஆவுக்குப் போனவர்

மெர்சிங் படகுத்துறையிலிருந்து படகேறித் தீவுக்கு வந்த மறுநாள் காலையிலேயே சண்டை. தன்னைக் கேட்காமல் கணவாய்ச் சம்பாலோடு நாசி லெமாக் சோறு வாங்கிவிட்டாள் என்று ஷர்மினியின் கணவன் சுகுமாறன் கடையில் எல்லார் முன்னாலும் கத்தினான்.

"யாரக் கேட்டு ஆர்டர் பண்ணுன? நான் சாஆவுல நம்ம வீட்டுக்கே போறேன். நீ தனியா சுத்திப் பாரு."

பையைத் தூக்கிக்கொண்டு படகேறிப் போயேவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஷர்மினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படகு மறையும்வரை கரையிலேயே நின்றாள்.

மதியம் அதே கடைக்குப் போனபோது சுகுமாறன் அங்கே உட்கார்ந்திருந்தான். அதற்குள் வேறு படகு எதுவும் வந்திருக்கவில்லை.

"என்ன, திரும்பிட்டீங்களா?" என்றாள் வெடுக்கென்று.

"உக்காரும்மா. உனக்குப் பிடிச்சதச் சொல்லு."

அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சாப்பிட்டதும் அவள் ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் முகம் சுளிக்காமல் கூடவே நடந்தான்.

சாயங்காலம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது. சுகுமாறனின் நம்பர்.

"சாஆ வந்து சேர்ந்துட்டேன். வீட்டுச் சாவிய எங்க வச்ச? வாசல்ல நிக்கிறேன் லா." அதே குரல், அதே கத்தல். பின்னால் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

எதிரே இருந்தவன் தலை நிமிராமல் இறால் ஓட்டை உரித்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். ஷர்மினி அந்த விரல்களையே பார்த்தாள்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. நாங்க வர நாளாகும்."

"நாங்கன்னா யாரு?"

அவள் ஃபோனை அணைத்துவிட்டு இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.