மூடியில் எழுதிய பெயர்

பேராசிரியர் எபனேசர் ஓய்வு பெறும் நாள். ஆய்வகத்து மைக்ராஸ்கோப், தன் அடியில் மூடி போட்ட தட்டில் வளர்ந்துகொண்டிருந்த உயிர்ச்செல் ஒன்றிடம் பெருமை பேசியது: "கல்லீரல் செல்லுக்கு 'வளரு' என்கிற சிக்னல் எப்படிப் போகிறதென்று உன்னை வைத்துத்தானே ஆயுசு முழுக்க ஆராய்ந்தார்!"

"நான் கல்லீரல் செல்லே இல்லையே," என்றது அது. "பக்கத்துத் தட்டுப் புற்றுநோய்ச் செல். ஆரம்பத்திலேயே சிந்திய ஒரு சொட்டில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம். கல்லீரல் செல்களை ஒன்று விடாமல் ஒழித்தும்விட்டோம்."

மைக்ராஸ்கோப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! ஏன் சொல்லவில்லை?"

"சிக்னல் வந்ததா என்றுதான் பார்த்தார். நாங்கள் யாரென்று ஒருநாளும் பார்க்கவில்லை. தட்டின் மூடியில் 'கல்லீரல்' என்று எழுதியிருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது."

கழுத்தில் மாலையோடு உள்ளே வந்த எபனேசர் கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தார். "என் கல்லீரல் செல்களே, போய் வருகிறேன்," என்றார்.

இத்தனை வருஷமும் அந்தப் புற்றுநோய்ச் செல்களை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது தான்தானே என்பது மைக்ராஸ்கோப்புக்கு அப்போதுதான் உறைத்தது.