தரையில படாத கால்

உக்காருங்கப்பா எல்லாரும். அந்த மூலையில குசுகுசுன்னு பேசறவங்களும்தான், கொஞ்சம் வாயை மூடுங்க.

டாக்டரும் அன்னிக்கு இதையேதான் சொன்னாரு. சொல்லாம என்ன பண்ணுவாரு? வயசான மனுஷன் ஒருத்தர் விழுந்ததுக்கு, மொத்தக் குடும்பமும் ஆஸ்பத்திரி அறைக்குள்ள புகுந்து ஆளுக்கு ஒரு பக்கம் கத்துச்சு. விழுந்தவர் மட்டும் கட்டில்ல வாயே திறக்கல.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்துல பிடிச்சாரு.

"தொடை எலும்போட குண்டு இருக்கு பாருங்க, அது உக்கார்ற கிண்ணம் உடைஞ்சிருக்கு. தகடு வெச்சு இறுக்கி, கையோட புது இடுப்பு மூட்டும் மாட்டிடலாம். சீக்கிரமே வாக்கரைப் பிடிச்சு நிப்பாரு. ஆனா இந்த வயசுக்குப் பெரிய ஆபரேஷன், ஆபத்து இல்லேன்னு சொல்ல மாட்டேன். இல்லையா, கத்தி வைக்காம விட்டுடலாம். எலும்பு தானா கூடும், வலி அடங்கும். பழையபடி நடக்கறதுதான் சந்தேகம்."

"எது நல்லது டாக்டர்?" மூத்த மகன் கேட்டான்.

"அதை நீங்கதான் சொல்லணும். விழறதுக்கு முன்னாடி எவ்வளவு நடமாடுவாரு?"

மூத்தவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துருச்சு. "நடமாட்டமா? எங்கப்பா காலைத் தரையில படவிட மாட்டோம் டாக்டர்!"

அவன் தங்கச்சி விடுவாளா? மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "தினமும் போன்ல சொல்வேன் டாக்டர். அப்பா அசையாதீங்க, அப்பா அசையாதீங்கன்னு!"

"மாமாவுக்குச் சாப்பாடே சேருக்குத்தான் போகும்"னு மருமக ஒரு போடு போட்டா.

டாக்டர் அப்பாவோட நல்ல காலை அமுக்கிப் பாத்தாரு. "சேர்லயே உக்கார்ற ஆளுக்குக் கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கே?"

"நான் தைலம் தேய்ச்சு விடறேன்ல!" மூத்தவன் முந்திக்கிட்டான்.

"தைலத்துல இப்படி வருமா?" தன் காலை ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கிட்டாரு டாக்டர். "சரி. உக்காந்தே இருக்கறவரை எதுக்கு அறுத்துத் தொந்தரவு பண்ணணும்? ஆபரேஷன் வேண்டாம்."

மூத்தவன் சட்டுனு ஒரு அடி முன்னால வந்தான். அப்பா நடக்காட்டி வீடு என்ன ஆகும்னு அவனுக்குத்தானே தெரியும்?

"இல்ல டாக்டர்... கொஞ்சம் நடப்பாரு."

"கொஞ்சம்னா?"

பொண்டாட்டி முறைச்சா. அவன் இழுத்தான், "பாத்ரூம் வரைக்கும்."

"அதுக்குக் கட்டில் பக்கத்துலயே வசதி பண்ணிக்கலாம்."

"வாசல் வரைக்கும்கூட..."

"இப்பத்தானே தரையில படவிட மாட்டோம்னீங்க?"

மூத்தவன் சுத்தி நின்னவங்களைப் பாத்தான். சொன்னதைத் திரும்ப வாங்கினா இத்தனை பேர் முன்னாடி மானம் போகும். வாங்காட்டி அப்பாவோட கால் போகும்.

"டாக்டர் சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்"னு தங்கச்சி காதைக் கடிச்சா. அவனும் சரின்னு தலையை ஆட்டிட்டான்.

நர்ஸ் பக்கம் திரும்பின டாக்டர், பாதியில நின்னாரு.

"ஐயா, கால் உங்களுது. உங்களை யாருமே கேக்கலையே. நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லாரும் கட்டில் பக்கம் திரும்பினாங்க.

அப்பா மகனைப் பாத்தாரு, மருமகளைப் பாத்தாரு. காட்டிக்கொடுக்க மனசு வரல போல, கொஞ்ச நேரம் மேல சுத்தற ஃபேனைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு:

"ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணி கேனை நான் தூக்கிட்டு ஏறலேன்னா, பாவம், இவங்க எல்லாருக்கும் தாகம் எடுக்கும்."