பத்து மணிக்கு வந்தவர்

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால். நாலு வருடம் வளர்ந்து முதல்முறையாகக் காய் பிடித்திருந்த வெனிலாத் தோட்டத்தில், ஏழாவது வரிசையில், ஒரே ஓர் இலை மஞ்சளாக இருந்தது.

தோட்டக்காரி அதைக் கிள்ளி இடுப்பில் செருகிக்கொண்டாள். பத்து மணிக்குச் சோதனை அதிகாரி வருவதாகக் கடிதம் வந்திருந்தது. வேரழுகல் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், அறுநூறு கொடிகளையும் வெட்டிக் கொளுத்திவிடுவார்கள். காய் வாங்கும் வியாபாரியைப் பார்க்கப் போன கணவன் திரும்ப மாலையாகும்.

"அக்கா, வந்துட்டாரு!" என்று ஓடி வந்தாள் வேலை செய்யும் பெண். ஊர் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

நிழல்வலைக் கூடத்தின் வாசலில் தோள்பையோடு ஒருவர் நின்றார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. சட்டையில் புகை வாடை. முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

"கொடியெல்லாம் பாக்கணும்."

"வாங்க சார், வாங்க." தோட்டக்காரி ஒதுங்கி வழிவிட்டாள்.

வேரழுகல் காலில் ஒட்டிய மண்ணோடு வந்துவிடும் என்பதால், உள்ளே வரும் எவரும் காலை நனைத்துவிட்டு வர வேண்டிய மருந்துத் தொட்டியை அவர் ஓர் எட்டில் தாண்டினார். பூட்ஸில் சேறு அப்பியிருந்தது.

"அக்கா, நனைச்சுட்டு வரச் சொல்லட்டா? அண்ணன் நனைக்காம வந்தாக்கூட அந்தக் கத்து கத்துவீங்க," ரேடியோ கிசுகிசுத்தாள்.

"வாயை மூடுடி. மீன்குஞ்சுக்கு நீ நீச்சல் சொல்லிக் குடுக்கப் போறியா?"

அவர் ஒவ்வொரு வரிசையிலும் குனிந்தார். விரலால் மண்ணைக் கிளறி வேரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஏழாவது வரிசையில் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு இலையைக் கிள்ளியிருக்கீங்க."

"அது... பூச்சி அரிச்சிருந்துச்சு சார்." அவள் கை இடுப்பில் செருகிய இலையை மறைத்தது.

"மஞ்சளா இருந்துச்சா?"

அவள் தலைகுனிந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. வெயில் பட்டா ஒண்ணு ரெண்டு அப்படித்தான் ஆகும். வேரு வெள்ளை வெளேர்னு இருக்கு. உங்க தோட்டத்துல ஒரு நோயும் இல்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நடுறதுக்குக் கொடித்துண்டு ஒரு அம்பது கிடைக்குமா?"

லஞ்சத்தை இவ்வளவு கூச்சத்தோடு கேட்கிற அதிகாரியை அவள் பார்த்ததில்லை. "நூறா எடுத்துக்குங்க சார். காசு பேச்சே எடுக்கக் கூடாது."

அவர் கண் கலங்கிவிட்டது. "இந்த மனசு யாருக்கும்மா வரும்?" என்று கையைக் கூப்பிவிட்டு, வெட்டிக் கட்டிய கொடித்துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அதிகாரி அழுது இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றாள் ரேடியோ.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"பயிர்ச் சோதனை அதிகாரி பேசறேம்மா. பத்து மணிக்கு வரேன்னு எழுதியிருந்தேன், மன்னிச்சுக்குங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத் தோட்டத்துல வேரழுகல். விடியக்காலைலேர்ந்து வெட்டிக் கொளுத்திக்கிட்டிருக்கோம்."

அவள் கண் மருந்துத் தொட்டியைத் தாண்டி உள்ளே போயிருந்த சேற்றுத் தடத்தில் நின்றது.

"லைன்ல இருக்கீங்களா? அந்தத் தோட்டக்காரர் புதுக் கொடி தேடிக் கிளம்பிட்டாராம். பாவம்தான், ஆனா உள்ள மட்டும் விட்டுடாதீங்க."