கைச் சோதனை

வெட்டுப்பட்டுச் செத்த மாசானத்தின் ரத்தத்துக்கென்றே தயாரித்த திரவத்தை, தெருவில் எல்லோர் கையிலும் போலீஸ் தெளித்தது. அவன் ரத்தம் துளி ஒட்டியிருந்தாலும் திரவத்தின் நீல ஒளி சிவப்பாகிவிடும்.

ஆட்டோ ஓட்டும் அற்புதராஜின் கைகள் மட்டுமே சிவந்தன.

"அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே நாந்தாம்ணே. வெட்டுனவன் கிளவுஸ் போட்டிருந்தான்."

"கையே சொல்லுது. ஒன் வாய் எதுக்குல?" என்றபடி ஒருவன் கட்டையால் அவன் மண்டையைப் பிளந்தான். போலீஸ் விலக்குவதற்குள் இருபது பேர் அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

மறுநாள் அற்புதராஜின் ரத்தத்துக்கான திரவம் வந்தது. கட்டையால் அடித்தவர்கள் அவனைக் கையால் தொடவேயில்லை. அவர்கள் கைகள் நீலமாகவே இருந்தன. அவனை மடியில் கிடத்தி அழுத மனைவி ரெஜினாவின் கைகள் சிவந்தன.

கூட்டத்தில் ஒருவன் குனிந்து கட்டையை எடுத்தான்.