அன்ஸியா சேர்த்த விண்மீன் திரள்

காமாக் கதிர் வீசும் விண்மீன் திரள்களின் தொலைவை மதிப்பிடுவதுதான் அந்த மட்டாஞ்சேரி ஆய்வகத்தின் வேலை. புதிதாகச் சேர்ந்த ஸாதனாவின் மதிப்பீடு ஒன்றுகூடத் தவறியதில்லை. எல்லாரும் இத்தா என்று கூப்பிடும் மூத்தவளான அன்ஸியாவுக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஸாதனாவின் பட்டியலில், தானே இட்டுக்கட்டிய ஒரு திரளைச் சேர்த்துவிட்டாள். மாலையில் அதற்கும் தொலைவு எழுதியிருந்தது: எழுநூறு கோடி ஒளியாண்டு.

“இது எப்படிக் கிட்டிச்சு?”

“மத்ததைப் போலத்தான் இத்தா. கணக்குப் போட்டேன், வந்துச்சு.”

மறுநாள் அவளை மாட்டிவிடத் தலைவர் ராமபத்ரனிடம் போனாள். அவர் சாயாவை வைத்துவிட்டுத் திரையைக் காட்டினார். தொலைநோக்கியில் புதிய திரள் ஒன்று தெரிந்திருந்தது. அன்ஸியா இட்டுக்கட்டிய அதே இடம், ஸாதனா எழுதிய அதே தொலைவு.

“ஸாதனா பேர்லயே அறிவிச்சுடலாம். இந்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பி எழுநூறு கோடி வருஷமாச்சு.”

செவ்வாய்க்கிழமை நான்தான் இதை உண்டாக்கினேன் என்று அன்ஸியாவால் சொல்ல முடியவில்லை.