பாதி மேஜை

முழு மேஜையும் எனக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்கத்தான் அன்று காலையிலேயே ஆய்வாளர் கூடத்தின் வாசலில் போய் நின்றேன்.

காலையில் எனக்கு அங்கே வேலை இல்லை. நான் மதியத்துக்காரி.

ஒரு காலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு மின்விசிறி. இப்போது கல்லெறிந்தால் ஓர் ஆய்வாளர் மேல்தான் விழும். சைக்கிள் கொட்டகையைச் சுவர் வைத்து அடைத்து, ஏசி மாட்டி, ஆய்வாளர் கூடம் என்று பலகையும் தொங்கவிட்டார்கள். அப்படியும் இடம் போதவில்லை. ஒரு மேஜைக்கு இரண்டு பேர். காலையில் ஒருவர், மதியம் ஒருவர். மேஜையில் பெயர் கிடையாது, பதிவு எண்கள் மட்டும்தான். மேல் இழுப்பறை காலைக்காரருக்கு, கீழ் இழுப்பறை எனக்கு. அடுத்தவர் இழுப்பறையில் கை வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

என் பங்காளியை நான் பார்த்ததே இல்லை. யாராக இருக்கும் என்று மண்டை மட்டும் குடைந்துகொண்டே இருந்தது.

குட்டையான ஆள். தினமும் நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார், நான் வந்து ஏற்ற வேண்டும். குளிர் தாங்காதவர். சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று நாற்காலி முதுகிலேயே கிடக்கும். மேஜையெல்லாம் ரப்பர் துகள், ஆகவே கணக்குத் துறை. நான் முனை மழுங்க விட்டுப்போகும் பென்சில் மறுநாள் சீவியிருக்கும், ஆகவே நல்ல மனசு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து, ஒல்லியாக, கண்ணாடி போட்ட, அதட்டினால் அழுதுவிடுகிற ஓர் இளைஞனை மனசுக்குள் உட்கார வைத்திருந்தேன்.

அவனிடம்தான் இப்போது மல்லுக்கட்ட வேண்டும்.

முந்தைய நாள் கூடத்தின் பொறுப்பாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த ஆண்டு ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு முழு மேஜை. எங்கள் மேஜையிலோ இருவருக்கும் இந்த ஆண்டுதான் கடைசி. நீங்களே பேசி யாராவது விட்டுக்கொடுங்கள் என்றார். காலையில் வருபவருக்கும் வீட்டில் உட்கார இடமில்லையாம் என்று ஒரு கொக்கி வேறு போட்டார்.

எனக்கு மட்டும் இருக்கிறதாக்கும்!

இந்த ஆண்டு முடிக்காவிட்டால் என் பதிவு காலாவதி. இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு சாப்பாட்டு மேஜை. விடிந்ததும் அதில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவேன். நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் மாமியார் அந்த மேஜையை ஒரு பார்வை பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் பார்வையை நினைத்து நினைத்தே எனக்குக் காலை முழுக்க வீணாகிவிடும்.

அவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். இவ்வளவு நடந்தும் அம்மா இளைக்கக் காணோமே என்று என் கணவர் கிண்டல் செய்வார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் என் தாள்கள் ஓரம் தட்டி, அடுக்கி, ஒரு மூலையில் இருக்கும். நான் இல்லாதபோது துருவிப் பார்க்கிறார் என்று உள்ளூர ஒரே எரிச்சல்.

உள்ளே போனேன்.

சாம்பல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓர் ஆள் மேஜைக்கடியில் குனிந்திருந்தார். ஆடுகிற மேஜைக் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் இரக்கப்பட்டுவிடுவேனோ என்று பயந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை அந்த முதுகிடமே கொட்டிவிட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க, இந்த மேஜை எனக்குத்தான் வேணும். வீட்ல என் மாமியார் இருக்காங்க. அவங்க கண்ணு முன்னாடி ஒரு வரிகூட எழுத ஓடாதுங்க."

அட்டையைச் செருகிய கை அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அதன் நாடாவில் விழுந்திருந்த சிக்கலை நேற்றுக் காலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மெதுவாக நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பதில் சொல்வதற்கு முன் கண்ணாடி துடைப்பது அவர் பழக்கம்.

"எனக்கும் வீட்ல ஒரு மருமக இருக்காம்மா. மேஜை முழுக்க அவ பேப்பர்தான். அவ கிளம்பினப்புறம்தான் நான் உட்கார முடியுது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, சிரிப்பும் வந்தது. பாதியில் விட்டுவிட்டால் பிள்ளை கேலி செய்வானே என்றுதான் சொல்லவில்லையாம். முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம்.

பிறகு எழுந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குனிந்து நாற்காலியின் பிடியை இழுத்து, என் உயரத்துக்கு அதை ஏற்றிவிட்டார். இம்மி பிசகாமல் அதே உயரம்.

நான் அதை அழுத்தி மறுபடியும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். அவர் கக்கத்திலிருந்து ஸ்வெட்டரை உருவி, நாற்காலி முதுகில் போட்டேன். மேஜை காலைக்காரருக்கே என்று பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன்.

நூலகத்தில் இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் என் தாள்கள் நான் போட்டது போட்டபடி கிடந்தன. யாரும் ஓரம் தட்டி அடுக்கியிருக்கவில்லை.

பென்சிலை நானே சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.