சட்டியில் கலந்த மாத்திரை

“எல்லா மாத்திரையையும் ஒரே சட்டியில கொட்டிக் கலந்தது யாரு?”

பேராசிரியர் போன்சோக் போட்ட கத்தலில், ஊர்க் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பெண்களின் கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. சோறும் கீரையும் மிளகாய் விழுதும் பிசைந்த பெரிய சட்டி நடுவில். அதன் பக்கத்தில் இருந்த சின்னச் சட்டியைத்தான் அவர் தூக்கிக் காட்டினார். அது நிறைய மாத்திரை.

அந்தப் பெண்களில் தொக்சுன் மட்டும் மெல்வதை நிறுத்தவில்லை.

“நான்தான். என்ன இப்போ?”

“என்ன இப்போவா? மல்பெரி இலைச் சாறுல செஞ்ச மாத்திரை சர்க்கரையைக் குறைக்குதான்னு பார்க்கத்தானே சியோலுக்கும் இங்கயுமா அலையறேன்! பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. அப்பதானே வித்தியாசம் தெரியும்?”

“சர்க்கரை எல்லாருக்கும்தானே இருக்கு? அதென்ன பாதிப் பேருக்கு மாவு? இந்த ஊர்ல ஒருத்தி கிம்ச்சி ஊறுகாய் போட்டா தெருவுக்கே போகும், பேராசிரியர் தம்பி!”

யாரோ களுக்கென்று சிரித்தாள். போன்சோக்குக்கு முகம் சிவந்துவிட்டது.

“சிரிங்க. ஆராய்ச்சி தேறினா உங்க தோட்டத்து இலை முழுக்க விலை போகும்னுதானே பிறந்த ஊருக்குக் கொண்டு வந்தேன்? படிப்பறிவில்லாத ஊர்னு காட்டிட்டீங்க. யாருக்கு எந்த மாத்திரைன்னு எனக்கே தெரியாது, தெரியுமா? பார்க்கக் கூடாதுங்கறது விதி. அவ்வளவு நேர்மையா நடத்தறேன்!”

பெரிய சட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த போன்சோக்கின் அம்மா சட்டென்று தலை நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தவளைத் தொக்சுன் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

“இது உங்க யோசனை இல்ல, அக்கா” என்றார் போன்சோக், தொக்சுனைப் பார்த்து. “உங்களுக்கு வாய்தான் நீளம். முதல்ல கொட்டினது யாருன்னு சொல்லுங்க. அந்த ஆளை மட்டும் நீக்கிட்டு, முதல்லேர்ந்து தொடங்கறேன். இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிடுவேன்.”

தொக்சுனுக்குச் சர்க்கரையால் கால்விரல் மரத்துப்போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஆஸ்பத்திரி மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் தேறிவிடலாம் என்று மலையளவு நம்பியிருந்தாள். இருந்தும், குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

“எத்தனை தடவை சொல்றது? நான்தான் கொட்டினேன். இன்னொரு தடவை கொடுத்தாலும் கொட்டுவேன். என் பேரை அடி. ஊரை விடு.”

“சரி. உங்க தலையெழுத்து.”

அவர் பெயர்ப் பட்டியலை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“நில்லுடா!”

அம்மா எழுந்து வந்து மகனின் கையைப் பிடித்தாள். தொக்சுன், “பேசாம இருங்க அக்கா” என்று அவள் பாவாடையை இழுத்தாள். அவள் கேட்கவில்லை.

“அடிக்கறதா இருந்தா என் பேரை அடி. ‘அம்மா, உன் புட்டியில இருக்கறது நிஜ மாத்திரைதான், நானே பார்த்து மாத்தி வச்சேன், யார்கிட்டயும் மூச்சு விடாதே’ன்னு நீ போன்ல சொன்னியே, அன்னைக்கே முதல் ஆளா இந்தச் சட்டியில கொட்டினவ நான்தான்.”